உறவினர் கையெழுத்து

1998 அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. லேசர் சிகிச்சை பற்றி விசாரிக்க கோலாலம்பூர் பங்சாரில் ஒரு கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அன்றே சிகிச்சை. அவருடைய தடித்த கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டார்கள். ஆனாலும் இல்லாத கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தார்.

“தம்பி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னா செய்யமாட்டாங்களாம் லா. சொந்தக்காரர்னு ஒரு சைன் போடுறீங்களா?”

“உங்க பேர்கூடத் தெரியாதேண்ணே?”

“அது ஃபாரத்துல இருக்கு. நீங்க தம்பின்னு மட்டும் எழுதுங்க.”

எழுதினேன்.

சிகிச்சை முடிந்து கிள்ளானில் இருந்த அவர் வீட்டுக்கு டாக்சியில் போனோம். கண்களின் மேல் பிளாஸ்டிக் மூடிகள். பார்வை இன்னும் மங்கல்தான் என்றார்.

“வலிச்சுதாண்ணே?”

“இல்ல லா. சிவப்பு லைட்டையே பாருன்னாங்க. முடி கருகுற மாதிரி வாடை. அஞ்சு நிமிஷந்தான். இப்பத்தான் மண்ணு விழுந்தாப்பல உறுத்துது.”

வாசல் பூட்டைத் தடவி அவரே திறந்தார். உள்ளே யாரும் இல்லை.

மறுநாள் பரிசோதனைக்கு வருவார் என்று நானும் கிளினிக்குக்குப் போனேன். சுவரிலிருந்த சின்ன எழுத்துகளைச் சிரித்தபடி படித்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைத் தெளிவாகப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். என் முகத்தை அவர் அதற்குமுன் கண்டதே இல்லை. “அண்ணே” என்றிருந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்.

ஏன் கூப்பிடாமல் வந்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.