மரத்துப்போகும் ஊசியும் வாழவந்தி பஸ்ஸும்

பல் டாக்டரிடம் யாரும் நலம் விசாரிக்க வருவதில்லை. வலி கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் வருவார்கள், வந்தாலும் படியேறியதும் வலி போய்விட்டது என்பார்கள். நீங்களும் அப்படி ஒருமுறையாவது திரும்பிப் போனவர்தான், மறைக்காதீர்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் நாக்கு ஏதோ ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்திருக்கும்.

நான் சேலத்துக்காரி. ஏற்காடு கடைவீதியில், ஒரு மாடியில், ஒற்றை நாற்காலியோடு கிளினிக் வைத்திருக்கிறேன். உதவிக்கு மல்லிகா, வாழவந்தியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கல்லூரியில் அயனிக் கால்வாய்கள் என்றொரு பாடம் வந்தது. யாருக்கு வேண்டும் இது என்று தூங்கி வழிந்தேன். இங்கே வந்தபின் என் பிழைப்பே அதில்தான் நிற்கிறது என்று தெரிந்தது.

ஊசி தோற்ற நாள்

கிளினிக் திறந்த முதல் வருடம். மல்லிகா தன் ஊர் ராஜம்மாவை அழைத்துவந்தாள். ராஜம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. அவர் சொன்னால் வாழவந்தியே கேட்கும். கடைவாய்ப் பல் சொத்தை, கன்னம் வீங்கி உள்ளே சீழ். ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு, வீக்கம் வடிந்தபின் வாருங்கள் என்றேன். "பழம் பழுத்துக் கெடக்குதுங்க, மறுக்கா லீவு கெடைக்காது, இன்னைக்கே புடுங்கிப்போடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் இளகிவிட்டேன். அதுதான் தப்பு.

ஏன் தப்பு என்று சொல்கிறேன். நரம்பின் சுவர் கொழுப்பால் ஆனது. உப்புச் சத்துகள் அதைத் தாண்ட முடியாது. அவற்றுக்கென்று புரதத்தாலான குட்டிக் கதவுகள் உண்டு, நான் தூங்கி வழிந்த அயனிக் கால்வாய்கள் இவைதான்: சோடியத்துக்குத் தனி, பொட்டாசியத்துக்குத் தனி, கால்சியத்துக்குத் தனி. வலி கிளம்பினால் சோடியம் கதவு திறந்து சோடியம் உள்ளே பாயும். அந்த மின்மாற்றத்தில் பக்கத்துக் கதவு திறக்கும், பிறகு அதற்கடுத்தது, இப்படியே செய்தி மூளை வரைக்கும் ஓடும். பின்னாலேயே பொட்டாசியம் கதவு திறந்து, பொட்டாசியம் வெளியேறி, நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எங்கள் மரப்பு ஊசி அந்தச் சுவரைக் கடந்து, சோடியம் கதவை உள்ளேயிருந்து அடைத்துவிடுகிறது. செய்தி அங்கேயே நின்றுபோகும். ஆனால் சீழ் பிடித்த இடம் புளிப்பாக இருக்கும். அந்தப் புளிப்பில் மருந்தில் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று, சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடும். பரீட்சையில் இதையே ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

பல்லைச் சுற்றி மூன்று ஊசி போட்டேன். மூன்றும் தோற்றன. பல் வந்துவிட்டது, ராஜம்மாவின் அலறல் கடைவீதிக்கே கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தவர், படியிறங்கும் முன் நின்று சொன்னார்: "மூணு ஊசி போட்டும் உசுரோட உரிச்சுப்போட்டீங்க டாக்டரம்மா. இனி எங்கூர்ப் பல்லு ஒண்ணுகூட உங்ககிட்ட வராதுங்க."

பல்லுக்குள் தீ

சொன்னபடியே ஆயிற்று. வாழவந்தி பஸ்ஸில் மல்லிகாவைத் தவிர எனக்காக இறங்க ஆளில்லை. அந்த ஊரில் பல் வலித்தவர்கள் என் வாசலைத் தாண்டி சேலத்துக்குப் போனார்கள். ராஜம்மா ஒருவர் திரும்பி வந்தால் போதும், ஊரே வரும் என்று மல்லிகா அடிக்கடி சொல்வாள். அவர் வரவேண்டுமே.

வந்தவர்கள் மலையின் இன்னொரு ஊரான கொட்டச்சேட்டுக்காரர்கள். அங்கிருந்து ஒரு விவசாயி, தன் தோட்டத்துப் பச்சை மிளகை நசுக்கி, சொத்தைக் குழியில் இரண்டு நாள் வைத்து அடைத்துக்கொண்டு வந்தார். சவுக்கு மரத்தில் படர்ந்த கொடியில் தானே பறித்ததாம், கலப்படம் கிடையாது என்று பெருமை வேறு. ஈறு வெந்த மாதிரி சிவந்திருந்தது.

நரம்பு நுனியில் சூட்டுக்கென்றே ஒரு கதவு இருக்கிறது. கொதிக்கிற காப்பி பட்டாலும் அது திறக்கும், மிளகாயோ மிளகோ பட்டாலும் அதே கதவுதான் திறக்கும். இரண்டுக்கும் மூளைக்கு ஒரே செய்திதான் போகும்: சுடுகிறது. குளிர்ச்சிக்கு வேறொரு கதவு. புதினா மிட்டாய் சாப்பிட்டால் வாய் ஜில்லென்று இருப்பது அதனால்தான். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மிளகைக் கழுவி, குழியை அடைத்துவிட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "அப்ப உள்ளார தீயே இல்லீங்களா? ரெண்டு நாளா சொம்பு சொம்பாத் தண்ணி ஊத்தி நான் எதைங்க அணைச்சேன்?"

விசில் இல்லாமல் ஓடிய பஸ்

கொட்டச்சேடு பஸ்ஸின் கண்டக்டருக்குக் கீழ்ப் பல்லைப் பிடுங்கினேன். துளி வலியில்லை. மூன்று மணி நேரம் வீட்டில் இருங்கள் என்றால், ட்யூட்டி இருக்கிறது என்று ஓடிவிட்டார். கீழ்ப் பல்லுக்குப் போகிற நரம்புதான் கீழுதட்டுக்கும் உணர்ச்சி தருகிறது. சோடியம் கதவை அடைத்தால் இரண்டும் சேர்ந்தே மரக்கும். மனிதர் உதட்டை அசைக்கலாம், ஆனால் விசில் வாயில் இருக்கிறதா, சட்டைக்குள் விழுந்துவிட்டதா என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஊதினால் காற்றுதான் வந்தது.

பின் சீட்டில் கூடையோடு இருந்த ஒரு பெண், பஸ் தகரத்தில் கையால் இரண்டு தட்டு தட்டினார். டிரைவர் வண்டியை எடுத்தார். நிற்க ஒரு தட்டு, போக இரண்டு தட்டு என்று, கொண்டை ஊசி வளைவு அத்தனையும் பயணிகளே வண்டியை நடத்திக் கொட்டச்சேடு போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பஸ்ஸு பூராச் சிரிச்சுதுங்க. ஆனா வலி மருந்துக்கும் இல்லீங்க, அதையும் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு சொல்லிப்போட்டேனுங்க."

பெஞ்சு நிறைய ஆள் இருந்த காலை

ஊர் ஊராக நல்ல பேர் பரவிக்கொண்டிருந்த நேரம். மூன்று வருடம் கழித்து ஒரு காலையில், பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது ராஜம்மா படியேறி வந்தார். முந்தானையை விலக்கி எல்லோருக்கும் வாயைக் காட்டினார். ஈறு தடித்து வளர்ந்து முன்பற்களைப் பாதி மூடியிருந்தது. "பாத்துக்குங்க, இவிங்க ஊசி செஞ்ச வேலை. தை மாசம் புள்ளைக்குக் கல்யாணம், போட்டோவுல வாயப் பொத்திக்கிட்டா நிக்கறது?" என்றார். பெஞ்சில் இருவர் எழுந்துவிட்டார்கள். அன்றோடு கடையைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"அக்கா, ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். சுருக்குப்பையிலிருந்து ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறாராம். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ரத்தக் குழாயின் தசைக்குள் கால்சியம் போனால் குழாய் இறுகும். இந்த மாத்திரை கால்சியம் கதவை அடைத்துக் குழாயைத் தளர்த்துகிறது, அதனால் கொதிப்பு குறைகிறது. நல்ல மாத்திரைதான், ஆனால் சிலருக்கு ஈறு வளர்ந்துவிடும். நீங்களாக நிறுத்தவே கூடாது என்று சொல்லி, எழுதிக் கொடுத்த டாக்டருக்கு, வேறு வகைக்கு மாற்ற முடியுமா என்று கடிதம் கொடுத்தேன். எழுந்த இருவரும் உட்கார்ந்தார்கள்.

ராஜம்மா விடுகிற ஆள் இல்லை. "செரிங்க, ஈறுக்கு ஊசி காரணமில்ல. அப்ப அன்னைக்கு ஏனுங்க அப்படி வலிச்சுது?" என்றார். பெஞ்சே என்னைப் பார்த்தது. சீழ் இருக்கும்போது ஊசி பிடிக்காது, தெரிந்தும் பிடுங்கினேன், தப்பு என்னுடையது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "இத அன்னைக்கே சொல்லியிருந்தா மூணு வருசம் உங்களத் திட்டற வேலை எனக்கு மிச்சமாயிருக்குமுங்க."

போர்டைப் படித்த கண்

மாத்திரை மாறியது. மாதாமாதம் சுத்தம் செய்ததில் ஈறு இறங்கி, பற்கள் வெளியே வந்தன. கூடவே, மேலே மறைந்திருந்த ஒரு சொத்தைப் பல்லும் வெளியே வந்தது. அதைச் சுற்றி வீக்கம் வேறு, பிடுங்கித்தான் ஆகவேண்டும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று மலை முழுக்க ஒரு பயம் உண்டு, ராஜம்மாவுக்கும் உண்டு. ஆனாலும் இந்த முறை என்னை அவசரப்படுத்தவில்லை. ஐந்து நாள் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் முடித்து, வீக்கம் சுத்தமாக வடிந்தபின், முழு நாள் லீவு போட்டு வந்தார்.

ஒரே ஊசி. ஊசி எப்படி வலியின் கதவைச் சாத்துகிறது என்று அவருக்கும் சொல்லிக்கொண்டே பத்து நிமிடம் காத்திருந்தேன். தட்டினேன், குத்தினேன், ஒன்றும் தெரியவில்லை என்றார். மல்லிகா கிண்ணத்தை நீட்டினாள், நான் குறடை எடுத்தேன். பல் கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் அவருக்கே தெரிந்தது. நேராக எழுந்து ஜன்னலுக்குப் போய், கீழே நின்ற பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்: வாழவந்தி. கண் இருந்தது. மல்லிகா அழுதுவிட்டாள். எனக்கு ஆடலாம்போல இருந்தது, கையில் குறடு இருந்ததால் ஆடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே பஸ் வந்து நின்றது. ராஜம்மா முதலில் இறங்கி, பின்னால் இறங்கியவர்களைப் பழம் பறிக்கிற வரிசைபோல நிறுத்தினார். பதினோரு பேர். பெஞ்சில் இடமில்லாமல் படிவரைக்கும் நின்றார்கள். மாடி ஏறி வந்தவர், முந்தானை இல்லாத வாயால் முழுப் பல்லும் தெரியச் சிரித்துக் கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, இத்தன பேருத்துக்கும் கதவச் சாத்தற மருந்து பத்துமுங்களா?"

இதுவரை எத்தனை சோடியம் கதவை அடைத்திருப்பேனோ தெரியாது, ஆனால் அன்றிலிருந்து என் கிளினிக் கதவை மட்டும் வாழவந்தி பஸ் வந்து போகாமல் ஒரு நாளும் அடைக்க முடிந்ததில்லை.