வாசலில் வைத்த கறுப்புப் பை

நொத்தாரிசு அம்மா, சத்தியக்கடதாசி எழுதி முத்திரை குத்துபவர். மேல்வீட்டு அண்ணை, பிரெஞ்சு தெரிந்தவர். என் மனைவி. அவள் தம்பி, பையை எறிந்தவன். நான்.

மொன்றியலின் ஜான்-டலோன் தெருவில் ஒரு பல்வைத்தியருக்கு மேலே இருந்த சின்ன அறை. கதிரை நான்குதான். எறிந்தவன் நின்றான்.

தொலைந்தது என்னுடைய லாண்டட் பேப்பர். இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று தந்த கடதாசி. டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை கிடைத்திருந்தது. சந்தையில் பெட்டி தூக்கி முதுகு போயிருந்த நேரம், எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. புதுப் பேப்பர் வர மாதக்கணக்காகும். தொலைந்த விதத்தைச் சத்தியக்கடதாசியாகக் கொண்டுவா, வெள்ளிக்குப் பிறகு இடத்தை வைத்திருக்க மாட்டேன் என்றார் சூப்பர்வைசர். அன்று வியாழன்.

நடந்தது இவ்வளவுதான். ஜூலை முதலாம் தேதி பாதி மொன்றியல் வீடு மாறும். நாங்களும் மாறினோம். மனைவி பத்திரங்களை எல்லாம் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி வாசல் கதவோரம் வைப்பாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அதற்கு அதுதான் இடம். அன்று பக்கத்திலேயே குப்பையும் இருந்தது. மைத்துனன் எல்லாவற்றையும் தூக்கித் தெருவில் வைத்தான். லொறி வந்தது. போனது.

படியேறும்போதே அண்ணை தொடங்கிவிட்டார்.

“களவு போனதெண்டு சொல்லுவம். மெட்ரோவில.”

“நான் மெட்ரோவில போறதில்லை, அண்ணை. பஸ்தான்.”

“அப்ப பஸ்ஸில.”

“சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்லேலாது” என்றாள் மனைவி. “கேக்கிறதை மட்டும் சொல்லுங்கோ அண்ணை.”

குப்பையோடு போனது என்று சொன்னோம். நொத்தாரிசு அம்மா நெடுநேரம் கதைத்தார். அண்ணை எங்கள் பக்கம் திரும்பினார்.

“அப்பிடியே எழுதலாமாம். ஆனா இவ்வளவு பெறுமதியான பேப்பரை ஏன் குப்பைப் பையில, அதுவும் வாசலில வைச்சனீங்கள் எண்டு டோர்வலில கேப்பினமாம். காரணம் இல்லாட்டி ஆருக்கோ வித்துப்போட்டியள் எண்டுதான் நினைப்பினமாம்.”

“அதைத்தான் அக்கா நானும் அண்டையில இருந்து கேக்கிறன்” என்றான் மைத்துனன்.

“எறிஞ்சனி நீ. உனக்குக் கதை வேற.”

பிறகு அவள் நொத்தாரிசு அம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள். “ஓடேக்க எடுக்கத்தான் வாசலில. ஷெல் விழேக்க அலுமாரியைத் திறந்து தேடிக்கொண்டு நிக்கிறதே? மழைக்கு நனையாமல் பை.”

அண்ணை சொன்னார். பிரெஞ்சில் அது குறுகிப்போனது. அந்த அம்மா பேனையை வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

“எத்தினை தரம் பையோட ஓடினனீங்களாம்?”

“கன தரம்” என்றேன்.

“கன தரம் எண்டு எழுத மாட்டாவாம். எண்ணிச் சொல்லட்டாம். பை உங்கட மனிசியின்ர, அவவும் சத்தியம் பண்ணவேணுமாம்.” அண்ணை குரலைத் தாழ்த்தினார். “பத்தெண்டு சொல்லுவம். வடிவாயிருக்கும்.”

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அண்ணை சுவரைப் பார்த்தார்.

அக்காளும் தம்பியும் விரல் மடக்கினார்கள்.

“கோயில் மண்டபத்துக்குப் போனதையும் சேர்” என்றான் அவன்.

“அடுத்த நாளே திரும்பி வந்திட்டமே.”

“பையோடதானே போனது?”

“ஓம்.” இன்னொரு விரல்.

“கொழும்புக்கு வந்தது?”

“அது ஓட்டமே? டிக்கெட் எடுத்தெல்லோ வந்தனாங்கள்.”

“டிக்கெட் எடுத்தும் ஓடலாம் அக்கா.”

அவள் யோசித்தாள். அந்த விரலை மடக்கவில்லை.

நொத்தாரிசு அம்மா எழுதி, வாசித்துக் காட்டினார். வலக்கையை உயர்த்தினோம். கையெழுத்து. முத்திரை.

வெள்ளி காலை சூப்பர்வைசர் நின்றபடியே வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, இது சரியா என்று கேட்டார். சரி என்றேன். திங்கள் ஆறு மணிக்கு வேலைக்கு வா என்றார்.

விரல் இருந்த இடத்தில் எழுதியிருந்தது: ஒன்பது.