கைராசிக்காரியின் கட்டை விரல்

கைராசி என்ற வார்த்தையை முதலில் சொன்னவன் நிச்சயம் ஒரு முதுகுவலிக்காரனாகத்தான் இருப்பான். அடுத்தவள் கையை ஓசியில் வாங்கிக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், அவள் ஆயுசுக்கும் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இந்தக் கைராசிக்காரி சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். கூடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்கி வைத்த துணியில், பெரிய கத்தரியின் கீழ் அலகை மேஜையை விட்டு எழுப்பாமல், சுண்ணக்கட்டி போட்ட கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போவாள். தைக்கிறவர்கள் அவள் வெட்டிய துணிதான் வேண்டும் என்று சண்டை போடுவார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நூல் பிசிறு நறுக்கியவள், அங்கிருந்து அந்த மேஜைக்கு வந்து சேரப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் புருஷனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன், பிடிக்காமல் என்ன செய்யும்? எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் தடவி, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டை விரலால் அழுத்திக் கீழே இறக்கினாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடமும் கொடுத்தாள். காலையில் அவன் நிமிர்ந்து நின்றதைப் பார்த்த மாமியார், "உனக்குக் கைராசிம்மா" என்றாள். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. உச்சி குளிர்ந்து போனாள், பாவம். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

புருஷன் முதுகுக்கு அடுத்து மாமியாரின் கெண்டைக்கால் வந்தது. அதற்குப் பின்னால், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடக்கும் கொழுந்தனின் கழுத்து வந்தது. யார் வலியும் பொய்யில்லை. புருஷனின் இடுப்புத் தசை கல்லாக இறுகிக் கிடப்பதை அவள் விரல்தானே தினமும் தொட்டுப் பார்க்கிறது? ஆனால் அதே எண்ணெயையும் அதே உப்பையும் எடுத்து ஒருவருக்கொருவர் தேய்த்துவிடலாம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் கை பட்டால்தான் வலி கேட்குமாம். சமையல் முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு வந்தால், ஆஸ்பத்திரியில் காத்திருப்பதைப் போல மூன்று பேரும் காத்திருப்பார்கள்.

கட்டை விரலின் அடிமூட்டு முதலில் முணுமுணுத்தது. பிறகு கத்தியது. குழாயைத் திருக முடியவில்லை, டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரியைப் பிடித்தாள். போன வாரம் விரல் சுண்டி இழுத்ததில் கத்தரி கோட்டை விட்டு விலக, ஒரு கட்டு முழுக்கச் சட்டைக் கைக்கான துணி கோணலாகிப் போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மறுபடியும் பிசிறு பெஞ்சுதான் என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நாளைக்குக் காலர் துணி வருகிறது. வளைவு வளைவாக வெட்ட வேண்டியது, விரலுக்கு அதுதான் பெரிய பாடு.

இன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். கத்தரி பிடிப்பதைக் கேட்டுக்கொண்ட டாக்டர், வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். முதலில் அதை நிறுத்துங்கள் என்றார். வெந்நீரில் கையை வைத்திருக்கச் சொன்னார். பிறகு விரலை யாரையாவது விட்டு மெதுவாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள் என்றார். யாரையாவது! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த யாரையாவது என்பவரைத் தேடிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சொன்னபோது மாமியார் சிரித்தாள். கைராசிக்காரிக்கே கைவலியா என்றாள். புருஷன் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்திருந்தான். தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சரி, நாளைலேருந்து பாத்துக்கலாம். இன்னிக்கு இடுப்புல மட்டும் கொஞ்சம்."

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது கோபம். இத்தனை வருஷத்துக் கோபமும் அதோடு சேர்ந்துகொண்டது. எண்ணெய்க் கிண்ணத்தை அவன் தலைமாட்டில் நங்கென்று வைத்தாள்.

"எந்திரிங்க. இன்னிக்கு நீங்க என் கையைப் புடிச்சு விடுங்க."

தனக்கு என்ன தெரியும், அவளுக்குத்தானே கைராசி என்று அவன் இழுத்தான். அவள் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அந்த முகத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

எங்கே அழுத்துவது, எப்படி வட்டமாகத் தேய்ப்பது, எப்படி மணிக்கட்டு வரை நீவுவது எல்லாம் காட்டிக்கொடுத்தாள். மூட்டையைப் பிடிப்பது போல் பிடித்தான். மெதுவாக என்றாள். டிவியில் ஓடிக்கொண்டிருந்த விளம்பரங்கள் முடிந்து நாடகம்கூடத் தொடங்கியிருக்காது, கையை உதறிக்கொண்டான்.

"ரொம்ப நேரம் முடியல. கட்டை விரல் வலிக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. மாமியார் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்கும். புடிங்க. நாளைக்கு இந்த விரல் கத்தரி புடிக்கணும்."

அவன் பிடித்தான். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் கழுத்தைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தான். அண்ணி, கொஞ்சம் பாருங்க என்று வழக்கம்போலக் குனிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்தப் பக்கம் போய் உட்காருங்க தம்பி," என்றாள் அவள். "உங்க அண்ணனுக்கும் கைராசி வந்திருக்கு."