பூத்த ரப்பர் மரங்களுக்கு மருந்து

பக்கத்து வீட்டுக்காரர் ரோஜாச் செடிக்குக் கந்தகப் பொடி தூவுகிறார். வேலி தாண்டி வரும் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஏழு வயது. பாடாங் செராய்க்கு அருகே தோட்டத்து வீடு. இலை கொட்டி முடித்த ரப்பர் மரங்கள் செம்புத் தளிர் விட்டு, மஞ்சள் மஞ்சளாய்ப் பொடிப் பூ பூத்து நிற்கின்றன.

எங்களுக்கு அதுதான் வசந்தம். அத்தை அதைத்தான் வரைந்தாள். அப்பாவின் தங்கை அவள்; கோலாலம்பூரில் ஓவியக் கல்லூரி நேர்முகத்துக்கு ஒரு படம் கொண்டுபோக வேண்டும். நூலகப் புத்தகத்தில் யாரோ வெள்ளைக்காரர் பூத்த மரங்களை வெறும் புள்ளிகளாலேயே வரைந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு இவளும் ஒரு கோடுகூட இழுக்காமல் புள்ளி வைத்தாள். மஞ்சள், ஊதா, செம்பு. கிட்டே போனால் வேர்க்குருபோல் இருக்கும். வாசற்படியிலிருந்து திரும்பிப் பார்த்தால் மரத்தில் காற்றடிக்கும்.

அப்பா தோட்டத்தில் மருந்து தூவும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அவள் புறப்பட ஒருநாள் இருக்கையில், படத்தில் மூக்கு உரசக் குனிந்து பார்த்தார்.

"என்னாம்மா, எல்லா மரத்துக்கும் சீக்கு போல? எலை பூரா புள்ளி. கந்தகம் போட்டாத்தான் பொழைக்கும்லா!"

"பூவுண்ணே அது! தள்ளி நின்னு பாருண்ணே."

அத்தை சிரிக்கவில்லை. தன்னை அனுப்ப அண்ணனுக்கு மனசில்லை என்று அவளுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். அப்பாவோ சிரித்துக்கொண்டே கொல்லைப்புறம் போய்ப் பலகை அறுத்தார், பஸ்ஸில் படம் நசுங்காமலிருக்க ஒரு பெட்டி செய்ய.

நானும் சிரிக்கவில்லை. மண்டோர் சொன்னால் நோய்தான். பால்மாவு டின்னில் மிச்சமிருந்த கந்தகத்தை எடுத்து, தளிர் தளிராய், பூப் பூவாய், காயாத சாயத்தின் மேல் தூவினேன்.

அத்தை வந்து ஊதிப் பார்த்தாள். துடைத்த இடமெல்லாம் சேறானது. என் மஞ்சள் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படத்தைத் துணியால் மூடி, அவளே பெட்டிக்குள் வைத்து ஆணியடித்தாள்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அப்பா பெட்டியைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு நின்றார். "மெதுவா வை தம்பி, உள்ள மரம் பூத்திருக்கு!" என்று கண்டக்டரிடம் கத்தினார். அதற்கப்புறம் பல வருஷம் அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவுக்குக் காரணமும் தெரியவில்லை. எனக்கோ அன்று, பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு டக்கென்று பதில் சொன்ன பெருமை மட்டும்தான்.

பஸ் ஏறும் முன் அத்தை குனிந்து என் காதோரம் கேட்டாள்.

"பொடி போடச் சொன்னது யாரு பாப்பா? உங்கப்பாவா?"

"ஆமா அத்த. அப்பாதான் சொன்னாரு."