சூப் விற்பவளுக்காக ஒரு புகார்

பீடோங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போகும் காலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையுறைத் தொழிற்சாலைச் சீருடை, மூக்கு நுனியில் கண்ணாடி. கைப்பேசியில் நாள்தோறும் ஒரே விளையாட்டு. அதில் அரக்கனைக் கொன்று உலகைக் காப்பாற்ற வேண்டிய வீராங்கனை அவர்தான். ஆனால் அரக்கன் பக்கமே போகமாட்டார். படகுத்துறையில் சூப் விற்கும் ஒரு பெண்ணின் முன்னால் போய் நிற்பார். அவள் “மழை வரும் போல” என்பாள். அவளுக்கு இருந்த வசனமே அவ்வளவுதான்.

“இவங்ககிட்ட அப்படி என்னக்கா இருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இந்த கேம்ல ராஜாவுல இருந்து எல்லாரும் என்கிட்ட வேலை சொல்றாங்க தம்பி. இவங்க ஒருத்தவங்கதான் ஒண்ணும் கேக்க மாட்டாங்க லா.”

போன மாதம் விளையாட்டைப் புதுப்பித்தபோது அந்தப் பெண்ணை நீக்கிவிட்டார்கள். அக்கா நிறுவனத்துக்கு மலாய் மொழியில் நீண்ட புகார் எழுதினார். அவர்கள் வருத்தம் தெரிவித்து, இழப்பீடாக ஒரு தங்க வாளை அனுப்பினார்கள்.

“இத வச்சி நான் யார வெட்டுறது?” என்று என்னிடம் காட்டினார்.

அன்றே விளையாட்டை அழித்துவிட்டார். இப்போது ஜன்னல் வழியே செம்பனைத் தோட்டங்களைப் பார்த்தபடி வருகிறார். நான் பத்து விளையாட்டுகளிலாவது உலகைக் காப்பாற்றியிருப்பேன். அந்த உலகங்களில் இருந்த யாருக்காகவும் ஒரு வரி எழுதியதில்லை.