பட்டியலில் இல்லாத படகு

ஜெகதாப்பட்டினத்தை விட்டுக் கோட்டைப்பட்டினம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணி வெயில். தோளில் லேப்டாப் பை, கையில் இரண்டு சட்டையும் ஒரு கைலியும் திணித்த துணிப்பை. யாரும் என்னை அடிக்கவில்லை. விசைப்படகுச் சங்கத் தலைவர், "கெளம்புப்பா, பொம்பளைங்க ஒன்னயத் தேடி வாரதுக்குள்ள" என்று மட்டும் சொன்னார்.

ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குப் பழக்கம்தான். பத்தாவதோடு நின்று, திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் மெஸ், புதுக்கோட்டையில் செல்போன் கடை என்று சுற்றியவன். அங்கெல்லாம் எனக்குத்தான் ஏதாவது ஆகியிருந்தது. இம்முறை என்னால் மற்றவர்களுக்கு ஆகிவிட்டது.

செல்போன் கடையில் இருந்தபோது வீடியோ பார்த்து ஆப் எழுதப் பழகினேன். சங்கத்துக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கடலுக்குப் போன படகு திரும்பியதும், படகு கட்டும் ஜெட்டியில் அதன் எண்ணைப் பதிவார்கள். அது எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகும். வீட்டில் போனைத் திறந்தால் என் ஆப் சர்வரைக் கேட்டு, படகு வந்துவிட்டதா என்று காட்டும். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது.

சர்வர் பதில் அனுப்பும்போது கூடவே ஓர் எண்ணும் வரும். இருநூறு என்றால் எல்லாம் சரி. ஐந்நூறுகளில் இருந்தால் சர்வருக்கே கோளாறு. அந்த எண்ணை என் ஆப் பார்ப்பதே இல்லை. வந்ததைப் படிக்க முடியாவிட்டால் காலிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். சங்கத்தார் முன்னால் ஆப் நின்றுபோய் மானம் போய்விடக் கூடாது என்று எழுதிய வரி. நான் கிளம்பிய அன்று விடிந்ததும் சர்வர் படுத்துவிட்டது. கோளாறு என்றுதான் அது சொல்லியிருக்கிறது. என் ஆப் அதை வாங்கிக்கொண்டு, கேட்ட அத்தனை வீட்டுக்கும் 'இந்தப் படகு பட்டியலில் இல்லை' என்றது.

வேறு ஊராக இருந்தால் போனை அணைத்துவிட்டுத் திரும்பப் பார்த்திருப்பார்கள். இங்கே, படகு திரும்பும் நேரத்தில் அந்தச் சொற்களுக்கு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். பிடிபட்டால் புதுக்கோட்டை போய்க் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். அதற்காக ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். அன்று தெருவில் எல்லாக் கவரும் ஆணியை விட்டு இறங்கிவிட்டன. ஜெட்டிக்கு ஓடிவந்து பார்த்தால் படகுகள் சாவகாசமாக மீன் இறக்கிக்கொண்டிருந்தன.

எல்லாப் படகும் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ரோட்டோர பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் அந்தக் கவருடன் நின்றிருந்தார். அவர் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். கணவர் படகு ஓட்டுகிறவர்.

"ஆப்புக்காரத் தம்பிதான? பையத் தூக்கிட்டு எங்கிட்டுப் போறீங்க?"

"ஊருக்குக்கா."

"எல்லாருக்கும் பொய் சொல்லிருச்சாம்ல. எங்க படகு மட்டும் இன்னும் வரல. எனக்குச் சொன்னதும் பொய்யா, நெசமா? அதச் சொல்லிட்டுப் போங்க."

லேப்டாப்பை அங்கேயே திறந்து பார்த்தேன். சர்வர் இன்னும் எழவில்லை.

"தெரியலக்கா."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்கு இல்லைன்னு சொல்லுச்சு?"

"நாந்தான்க்கா அப்படி எழுதிட்டேன்."

"நல்லா எழுதுனீங்க போங்க."

புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. அவர் ஏறவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் அதே பஸ்தான்.

"ஜெட்டியில வயர்லெஸ்ல கேட்டுப் பாப்போம்க்கா. அதுக்கப்பறம் மனுவக் குடுக்கலாம்."

"அங்க ஒங்கள உரிச்சுப்புடுவாங்களே."

"உரிக்கட்டும்."

திரும்பி நடந்தோம். வயர்லெஸ்ஸில் அந்தப் படகிடமிருந்து பதில் இல்லை. அவர் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். யாராவது மனுவைப் பற்றிப் பேசினால், "இருங்க, இன்னும் தெரியல" என்றார். நான் ஐஸ் கம்பெனி நிழலில் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆப்பிலிருந்து அந்த வரியை நீக்கினேன். எண்ணைப் பார்த்த பிறகே பட்டியலைப் படிக்க வேண்டும். எண் சரியில்லை என்றாலும், பதிலே வராவிட்டாலும் 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் 'தெரியவில்லை' என்று படித்தவர் அடுத்து யாரைக் கேட்பார்? கீழே ஒரு போன் நம்பர் வேண்டும். என்னுடையதைப் போட்டேன்.

மூன்று மணிக்கு மேல், இன்ஜின் நின்றுபோன அந்தப் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது. அந்த அக்கா எழுந்து ஆட்களை எண்ணினார். கணவர் கரையில் கால் வைத்ததும் அவரிடம், "சோறு ஆறிப்போச்சு" என்றார்.

தலைவர் என்னிடம் வந்து போனை வாங்கிப் பார்த்தார்.

"இது யாரு நம்பரு?"

"என்னோடதுதாங்க."

"எடுத்துப் பதில் சொல்ல ஆளு இருக்கணும்ல? நீ ஓடுற ஆளாச்சே."

"இருக்கேங்க. ஜெட்டியிலயே நிக்கிறேன்."

அவர் படகு விவரம் எழுதும் நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் படகுகள் கடலுக்குப் போகும் நாள். வெளிச்சம் வந்ததும் ஜெட்டியில் போய் நின்றேன். படகு எண், உள்ளே யார் யார், வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதும் வேலை.

"வந்துட்டாருய்யா, நம்மளயெல்லாம் காணாமப் போக்குன ஆளு" என்று முதல் படகிலிருந்து ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"வீட்டு நம்பரச் சொல்லுங்கண்ணே" என்றேன்.