மண் தண்ணீர்

யுன்னியாங் தன் ஆயுளில் கடலைப் பார்த்ததில்லை. ஷான்சி மாகாணத்து ஃபென் ஆற்றங்கரையில் பிறந்து, அதே கரையில் மூன்று ஊர் தள்ளி வாழ்க்கைப்பட்டவள். கப்பல் எப்படி இருக்கும் என்று கேட்டால், பெரிய மாட்டுத் தொட்டி மாதிரி இருக்கும் என்பாள். அந்தத் தொட்டிகளில் வந்த சீமைக்காரர்கள் இரண்டு தடவை சண்டை போட்டார்கள். எதற்கு? கொண்டுவந்த அபினை விற்க விடவில்லையாம். வெட்கங்கெட்ட சண்டை, அதில் ஜெயித்தும் விட்டார்கள். தோற்ற அரசாங்கம் அபினும் ஒரு சரக்குதான் என்று ஒப்புக்கொண்டு, சண்டைச் செலவுக்குத் தண்டமும் கட்டியது. அந்தத் தண்டம் வரியாகி, ஷான்சிக் குடியானவன் தலையில் வந்து இறங்கியது.

அபின் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். மண் என்பார்கள். கப்பலில் வந்தால் சீமை மண், நம் வயலில் விளைந்தால் நாட்டு மண். சீமைக்காரனுக்குப் போகிற வெள்ளிப் பணம் நம்மிடமே நிற்கட்டும் என்று அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள், கையை மட்டும் நீட்டினார்கள். ஆற்றுத் தண்ணீர் பாய்கிற நல்ல நிலமெல்லாம் கசகசாச் செடிக்குப் போனது. கோதுமை மேட்டுக்கு ஏறியது, பிறகு மேட்டிலும் காணாமல் போனது.

கசகசாக் காய் கீறுவதில் யுன்னியாங்குக்கு நிகர் அந்தக் கரையில் கிடையாது. பிற்பகலில் கீறிவிட்டால் விடிவதற்குள் பால் கசிந்து பழுப்பாகி நிற்கும், அதை வழித்தெடுத்தால் மண். ஆழமாகக் கீறினால் பால் உள்ளே இறங்கிவிடும், மேலாகக் கீறினால் வராது. அவள் கை அளவு தெரிந்த கை. அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது.

அவள் புருஷன் தெங்கூய் அதிகம் பேசாதவன். மகள் சிங்ஹுவா பிறந்த வருஷம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"கிணத்தடியில இருக்குற அந்தத் துண்டையாவது கோதுமைக்கு விட்டுரலாமே."

"விட்டுட்டு? ஏன்யா, ஊர்ல அத்தனை வீட்டுலயும் ஓடு மாத்தியாச்சு. நீ கோதுமையக் கட்டிக்கிட்டு அழு."

"சோத்துக்கு வேணாமா?"

"மண்ணை வித்தா சோறு வாங்கத் தெரியாதா உனக்கு? கையில வெள்ளி இருந்தா கடைக்காரன் வேணாம்பானா?"

கிணற்றடியிலும் கசகசா பூத்தது.

அதற்கு ஆறு வருஷம் கழித்து, குவாங்ஷூ மன்னரின் மூன்றாம் ஆண்டில், ஊரில் தின்ன ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக வானம் ஏமாற்றியிருந்தது. முன்பெல்லாம் ஒரு வருஷம் பொய்த்தால் குதிரில் தானியம் இருக்கும். இப்போது குதிரே இல்லை, ஜாடிதான் இருந்தது. யுன்னியாங் வீட்டில் செங்கல் கட்டிலுக்குப் பின்னால் முழு ஜாடி நாட்டு மண். அதைச் சுமந்துகொண்டு சிறு வயதிலேயே துணியால் இறுக்கிக் கட்டிக் குறுக்கிய கால்களோடு டவுனுக்கு நடந்தாள். தானியக் கடைக்காரன் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"காலையில இருந்து நீ பதினேழாவது ஆளு. மலைக்கு அந்தப் பக்கம் தானியம் மூட்டை மூட்டையா மக்கிக் கிடக்குதாம், சுமக்குற கழுதையத்தான் எல்லாரும் தின்னாச்சே. உன் மண்ணை வச்சு நான் என்னம்மா பண்ண? நானே கஞ்சிக்கு அலையறேன்."

வாயில் மண் விழுந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம். அந்தக் குளிர்காலத்தில் சனங்கள் நிஜமாகவே மலையடி வெள்ளை மண்ணைத் தோண்டி, மரப்பட்டைத் தூளோடு பிசைந்து சுட்டுத் தின்றார்கள். தின்றால் வயிறு நிறையும், பிறகு கல்லாக இறுகிவிடும். தெங்கூய் அதைத் தின்ற ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான். கடைசிவரை அவன் கிணற்றடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் தேவலை என்று அவள் சாகும்வரை புலம்பிக்கொண்டிருந்தாள்.

மிஞ்சியது சிங்ஹுவா. ஆறு வயது. பாதத்தைத் துணியால் இறுக்கிக் கட்டவேண்டிய பருவம், பஞ்சத்தில் யாருக்கு அந்த நினைப்பு வரும். பிள்ளை பசியில் இடைவிடாமல் அழுதாள். ஜாடியிலிருந்து பயறளவு கறுப்பு மண்ணைக் கிள்ளி வெந்நீரில் கரைத்துக் கொடுத்தாள் யுன்னியாங். அழுகை நின்றது. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் செய்தார்கள். பசி தெரியாமல் தூங்கட்டுமே என்றுதான். மாசிப் பனி போல ஒரு மாதம் அப்படியே கரைந்தது.

பிறகு கோவ் வந்தான். ஹெனான் பக்கத்து ஆள். பெண் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தானியம் விளைகிற ஊர்களில் விற்கிறவன். வழியில் இரண்டு வேளை தினைக்கஞ்சி ஊற்றுவானாம். போன மாதம் வரை இப்படிப்பட்டவனைக் கண்டால் யுன்னியாங் காறித் துப்பியிருப்பாள். இப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் தங்கியிருந்த கோயிலுக்கு ஓடினாள். விலை பேசவே இல்லை.

கோவ் பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தான். கண்மணி ஊசிமுனையாக இருந்தது.

"மண்ணு குடிக்கிற பிள்ளை. வேணாம் தாயி."

"கொஞ்சந்தான் அண்ணே. பசிக்குத்தான் குடுத்தேன்."

"எல்லாரும் பசிக்குத்தான் குடுக்குறாங்க. போன தடவை இந்த மாதிரி நாலு ஏத்தினேன். ஒண்ணும் மலை தாண்டல."

"ஜாடியையும் தர்றேன். வழியில குடுத்துக்கிட்டே போ."

"ஜாடி யாருக்கு வேணும்? என் வண்டியில கஞ்சிப் பானைக்குத்தான் இடம்." அவன் பிள்ளையை இன்னொரு தடவை பார்த்தான். கெட்டவன் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. "நாலு நாள் இங்கதான் இருப்பேன். மண்ணை நிறுத்து. நாலாம் நாள் உன் வீட்டுல இருந்து வண்டி வரைக்கும் பிள்ளை தானா நடந்து வரட்டும். தூக்கிட்டு வந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

வீடு திரும்பியதும் ஜாடியை வற்றிய கிணற்றில் போட்டாள். வீட்டில் இருந்தால் தன் கையே தன் பேச்சைக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நாலு நாளை என்னவென்று சொல்வது. பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது, பச்சையாக வயிற்றால் போனது, கைகால் இழுத்தது. "மண்ணுத் தண்ணி, மண்ணுத் தண்ணி" என்று கத்திக்கொண்டே பெற்றவள் கையைக் கடித்தாள். பக்கத்து வீட்டு ஹூவின் பெண்சாதி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினாள்.

"துளி குடுத்துத் தொலையேன், பாவி. பெத்தவதானே நீ?"

"பெத்தவங்கிறதாலதான் குடுக்கல" என்றாள் யுன்னியாங். ஊறவைத்த தோல் வாரை மென்று பிள்ளைக்கு ஊட்டினாள். அதுதான் வீட்டில் கடைசித் தீனி.

நாலாம் நாள் சிங்ஹுவா நடந்தாள். முப்பது அடிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள், பிறகு எழுந்தாள். யுன்னியாங் தொடாமல் பின்னாலேயே போனாள். தொட்டால் போச்சு. பட்டை உரிந்த மரத்தடியில் கோவ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை வண்டிச் சக்கரத்தைப் பிடித்ததும் அவனே தூக்கி உள்ளே வைத்தான்.

வண்டி அசைந்தது. சிங்ஹுவா திரும்பினாள். "அம்மா" என்றாள். யுன்னியாங் வண்டிக்குப் பின்னால் இரண்டு அடி வைத்தாள். தன்னோடு வா என்பாளோ, போக மாட்டேன் என்பாளோ.

"அம்மா, அங்க மண்ணுத் தண்ணி குடுப்பாங்களா?"

கோவ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். யுன்னியாங் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி கேக்குறா அண்ணே. வெறும் தண்ணி."

அவனுக்குக் காது கேட்காமல் இல்லை. ஆனாலும் பிள்ளையை இறக்காமல் கோவேறு கழுதையைத் தட்டி ஓட்டினான்.

பிள்ளை மலை தாண்டினாளா என்று யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த வருஷம் மழை கொட்டியது. மழைக்குப் பின்னாலேயே வரிக்காரனும் வந்தான், வெள்ளிதான் வேண்டும் என்றான். வெள்ளி தருகிற பயிர் ஒன்றுதான். யுன்னியாங் கிணற்றடியில் கசகசா விதைத்தாள், காய் முற்றியதும் கத்தியைத் தீட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் கைக்கு அளவு மறந்திருக்கவில்லை.